எச்.ஐ.வி. மருந்து ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர், தம் பங்கேற்பாளர்கள் அனைவரும் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்வதாக அண்மையில் ஒரு பட்டியலைப் பெருமையுடன் நீட்டினார். நானும் ஒரு காலத்தில் அதே பெருமையுடன் அதே பட்டியலை நீட்டியவன். பதிவேட்டில் தேதி மாறுவது போன்ற பிழைகளை மேற்பார்வையாளரே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீந்த மாத்திரைகளை எண்ணி நிறைவடைதல்

30 மாத்திரைகள் கொண்ட புட்டியைப் பெற்றவர் 28 நாள் கழித்து வந்தால், அதில் 2 மீந்திருக்க வேண்டும். எங்களிடம் வந்த ஒருவரின் புட்டியில் மாதந்தோறும் சரியாக 2 இருந்தன. ஒரு முறை அவர் இரண்டு நாள் முன்னதாகவே வந்தார். அன்றும் 4 இல்லை, 2 மட்டுமே இருந்தன. அதைக் கண்ணால் பார்த்தும் நான் 'முழுமை' என்றே குறித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. அவருடைய வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ஏறியபோது மருந்தின் மீதே ஐயம் கொண்டோம். மருந்துக்குப் பணியாதபடி வைரஸில் எதிர்ப்பு மாற்றம் எதுவும் இல்லை என்று மரபணுச் சோதனை காட்டிய பிறகே, மருந்து உடலுக்குள் போகவே இல்லை என்பது உறைத்தது. புட்டி குலுங்கும் ஓசை வீட்டாருக்குக் கேட்டுவிடும் என்று அஞ்சி அவர் அதைத் திறப்பதே இல்லை. எங்களிடம் வரும் நாளில் பேருந்து நிலையத்தில் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறார்.

இது சிறிய மையங்களில் மட்டும் நிகழ்வதன்று. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களிடம் நடந்த 'வாய்ஸ்' என்னும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்துக்கான ஆய்வில், மாத்திரை எண்ணிக்கையும் பங்கேற்பாளர்களின் வாய்மொழியும் ஏறத்தாழ 90 விழுக்காடு மருந்து உட்கொள்ளப்பட்டதாகக் காட்டின. இரத்த மாதிரிகளிலோ 30 விழுக்காட்டிலோ அதற்கும் குறைவாகவோதான் மருந்து தென்பட்டது. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைச் சோதிப்பதும் கடைசிச் சில நாள்களையே காட்டும் என்பதால், முந்தைய நாள் மட்டும் விழுங்கி வருபவர் அதில் தப்பிவிடுவார். டெனோஃபோவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் ஆய்வுகளில், தாளில் உலரவைத்த இரத்தப் பொட்டைச் சோதிப்பது மேல். சிவப்பணுக்களில் சேரும் அம்மருந்தின் வடிவம் பாதியாகக் குறையவே சுமார் 17 நாள் ஆகும்.

திட்டுதல்

திட்டினால் அடுத்த மாதமும் 2 மாத்திரைகள்தான் மீந்திருக்கும்.

இரு மருந்தும் சமம் என்று அவசரப்படுதல்

இரு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வில் இரு பிரிவினரும் மாத்திரையை அடிக்கடி தவறவிட்டால், உண்மையான வேறுபாடும் மறைந்துபோகும்.

ஒழுங்காக உட்கொண்டவர்களை மட்டும் ஒப்பிடுதல்

ஒழுங்காக உட்கொள்பவர் பிற பழக்கங்களிலும் வேறுபட்டவராக இருப்பார் என்பதால், பங்கேற்பாளர்களைக் குலுக்கல்போலச் சமவாய்ப்பு முறையில் பிரித்த பயன் இங்கே போய்விடுகிறது. 1980-இல் வெளியான ஓர் இதயநோய் ஆய்வின் முடிவில், வெற்று மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டவர்களில் ஐந்தாண்டுக்குள் 15 விழுக்காட்டினரும், ஒழுங்கின்றி உட்கொண்டவர்களில் 28 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அந்த மாத்திரையில் மருந்தே இல்லை.