ஹம்மாக் பட்டை எட்டவில்லை: கயிறு சேர்த்து நீட்டிய என் அனுபவம்

மரங்களுக்கிடையே 6 மீட்டர். ஹம்மாக்கை (தொங்கு படுக்கை) மரத்தில் கட்டும் துணிப்பட்டை இரு பக்கமும் ஒரு மீட்டர் போதவில்லை. கயிறு சேர்த்துக் கட்டினால், படுத்த அரை மணியில் முதுகு தரையைத் தொட்டது. மூன்று நாள் வீண்.

முதலில் நைலான் கயிறு. பளு ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். அடுத்தது பாலிப்ரொப்பிலீன்; அதன் வழவழப்பில் முடிச்சு மெல்ல நழுவியது. பிறகு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினேன், அதுதான் ஆபத்து. 70 கிலோ எடைக்கு, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 70 கிலோ இழுவை. 10 டிகிரியில் அது 200 கிலோ!

கைகொடுத்தது 8 மி.மீ. பின்னல் பாலியஸ்டர் கயிறு. நுனியை இரட்டையாக மடித்து, மடித்தபடியே எட்டு வடிவ முடிச்சு போட்டால் நழுவாத கண்ணி கிடைக்கும். இரு நுனியிலும் ஒவ்வொன்று. முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் வால் 10 செ.மீ.க்குக் குறையக்கூடாது. கண்ணி ஒன்றுக்குச் சுமார் அரை மீட்டர் கயிறு போய்விடும். ஒரு மீட்டர் நீட்ட 2 மீட்டர் வெட்டுங்கள்.

மரத்தைச் சுற்றி பட்டைதான் இருக்கவேண்டும், கயிறு மரத்தின் தோலை அறுக்கும். கயிறு பட்டைக்கும் ஹம்மாக்குக்கும் நடுவே, எடை தாங்கும் கேரபினர்களால் (திறந்து மூடும் உலோக வளையங்கள்) இணையட்டும். சாவிக்கொத்துக் கொக்கி வேண்டாம்.

பலர் தவறவிடுவது உயரம். ஒரு பக்கம் ஒரு மீட்டர் நீட்டினால், அந்த மரத்தில் பட்டையைச் சுமார் 50 செ.மீ. மேலே ஏற்றினால்தான் அதே 30 டிகிரி நிற்கும். நான் பழைய உயரத்திலேயே கட்டிக்கொண்டிருந்தேன். முதல்முறை மெதுவாக உட்காருங்கள். முடிச்சுகள் இறுகிச் சற்றுத் தாழும், பிறகு நின்றுவிடும்.