சாம்பியனின் கணக்கை எடைபோடுவது எப்படி: ஸ்டெஃபி கிராஃபை முன்வைத்து

ஒற்றையர் பிரிவில் 22 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், எல்லாப் போட்டிகளும் சேர்த்து 107 பட்டங்கள், தரவரிசையின் முதலிடத்தில் 377 வாரங்கள். ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மூன்று எண்களோடு நின்றுவிடுகிறது. ஒரு சாம்பியனின் ஆட்டவாழ்வை உண்மையில் எடைபோட விரும்புபவர், கூட்டுத்தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தத் தொகை எந்தெந்த ஆண்டுகளில், யாருக்கு எதிராகச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு தாளில் 1987 முதல் 1999 வரை ஆண்டுக்கு ஒரு வரியாக எழுதி, கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளுக்கும் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன்) தனித்தனிக் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வென்ற கட்டத்தை நிரப்புங்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தால் வென்றவரின் பெயரை எழுதுங்கள். காயத்தால் ஆடாத போட்டிகளைத் தவறாமல் தனியாகக் குறியுங்கள், ஏனெனில் ஆடாததும் தோற்றதும் ஒன்றல்ல. கிராஃபின் தாளில் 1988ஆம் ஆண்டின் நான்கு கட்டங்களும் நிரம்பியிருக்கும். 1990 முதல் 1992 வரை ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மும்மூன்று; அவ்விரு ஆண்டுகளிலும் அவர் ஆஸ்திரேலிய ஓபனில் ஆடவேயில்லை.

அடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆடுகளத்தின் தரையைக் குறியுங்கள். 1953இல் மௌரீன் கானலியும் 1970இல் மார்கரெட் கோர்ட்டும் ஒரே ஆண்டில் நான்கையும் வென்றபோது, அவற்றில் மூன்று புல்தரையில் நடந்தன. ஆஸ்திரேலிய ஓபன் கடினத் தரைக்கு மாறியதே 1988இல்தான். ஆகவே கிராஃப் அந்த ஆண்டு கடினத் தரை, களிமண், புல் ஆகிய மூன்றிலும் வெல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் அவர் வென்ற தங்கத்துக்கும் இதே நிதானம் தேவை: 1924க்குப் பின் டென்னிஸ் முழுப் பதக்கப் போட்டியாகத் திரும்பியதே அந்த ஒலிம்பிக்கில்தான் என்பதால், கானலிக்கும் கோர்ட்டுக்கும் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

மிகக் கடினமான பகுதி எதிராளிகளைப் பற்றியது. 1990க்கும் 1993 தொடக்கத்துக்கும் இடையில் மோனிகா செலஸ் எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றார். 1992 பிரெஞ்சு ஓபன் இறுதியில் கிராஃபை 6-2, 3-6, 10-8 என்று வீழ்த்தியவரும் அவரே. 1993 ஏப்ரல் 30 அன்று, ஹாம்பர்க்கில் ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருந்த செலஸின் முதுகில், கிராஃபின் வெறிபிடித்த ரசிகன் ஒருவன் கத்தியால் குத்தினான். செலஸ் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் களத்துக்குத் திரும்பவில்லை. உங்கள் தாளில் அந்த நாளில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்: கோட்டுக்கு முன்னால் 11 பட்டங்கள், பின்னால் 11.

இந்தக் கோட்டை வைத்து கிராஃபின் பிற்பாதியைத் தள்ளுபடி செய்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. 1992 விம்பிள்டன் இறுதியில் அதே செலஸை அவர் 6-2, 6-1 என்று வென்றார். செலஸ் திரும்பி வந்த 1995 அமெரிக்க ஓபனின் இறுதியிலும் வென்றார். ஆனால் கோட்டையே போடாமல் 22 என்று மட்டும் சொல்வதும் சரியான கணக்காகாது.

கடைசியாக, ஒரு முழு ஆட்டத்தையாவது பாருங்கள். தொகுப்புக் காட்சிகள் போதாது. 1999 பிரெஞ்சு ஓபன் இறுதியைப் பரிந்துரைப்பேன். முதல் செட்டை இழந்து, இரண்டாவதிலும் பின்தங்கியிருக்கும் கிராஃபின் கால்களைக் கவனியுங்கள். இடப்பக்கம் வரும் பந்தைச் சுற்றி ஓடி, ஃபோர்ஹேண்டால் (வலப்பக்கத்திலிருந்து உள்ளங்கை முன்னோக்க அடிக்கும் அடி) அடிக்க இடம் உண்டாக்கிக்கொள்கிறார். முடியாதபோது பேக்ஹேண்ட் ஸ்லைஸால் (புறங்கை முன்னோக்க, பந்தின் அடிப்பக்கத்தை வெட்டுவதுபோல அடிக்கும் அடி) பந்தைத் தாழ்வாக அனுப்பி, அடுத்த அடிக்கு நேரம் வாங்குகிறார். வெற்றிக்கு மூன்றே புள்ளிகள் தொலைவு வரை வந்த மார்ட்டினா ஹிங்கிஸ், மூன்றாவது செட்டின் முடிவில், மட்டையைத் தலைக்கு மேல் தூக்காமல் இடுப்புக்குக் கீழிருந்து பந்தைத் தட்டிவிட்டு செர்வ் செய்யும் அளவுக்குத் தடுமாறினார். முடிவு 4-6, 7-5, 6-2. தாளில் 1997, 1998 வரிகளில் நிரப்பிய கட்டமே இல்லாமல் இருக்க, அவற்றுக்குக் கீழே நிரப்ப வேண்டிய ஒரே கட்டம் இது; அடுத்த விம்பிள்டன் கட்டத்தில் லிண்ட்சே டேவன்போர்ட்டின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.