தோப்பில் அறுபதாம் கல்யாணம்: எங்கே சொதப்புகிறது?

திருக்கடையூரில் கூட்டம், மண்டபம் பிடித்தால் ஊரையே கூப்பிட வேண்டும். அதனால் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தை ஊர்த் தோப்பிலேயே ஐம்பது பேரோடு முடித்துவிடலாம் என்று பிள்ளைகள் கிளம்புகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இளம் ஜோடிக்குப் போடுகிற திட்டத்தையே அறுபது வயதுக்கும் போட்டால் சிக்கல்தான்.

முதலில் நாள். ஆங்கிலப் பிறந்தநாளை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டு, அப்புறம்தான் சாஸ்திரிகளுக்கு போன் போடுகிறார்கள். அப்பா பிறந்த தமிழ் ஆண்டு அறுபது வருடச் சுற்று முடிந்து திரும்பி வரும்போது, அதே மாதம், அதே நட்சத்திரத்தில் செய்வது சஷ்டியப்த பூர்த்தி. 1966 ஆடியில் பிறந்தவருக்கு அந்தப் பராபவ ஆண்டு 2026 சித்திரையில்தான் மறுபடி பிறக்கிறது. ஆடியில் அவர் நட்சத்திரம் செவ்வாய்க்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமைதான். மாதத்தில் இரண்டு முறை வந்தால் எதை எடுப்பது என்று சாஸ்திரிகளையே கேளுங்கள். ஆடியில் போய்க் கல்யாணமா என்று அத்தை கேட்டால் அவரிடமே அனுப்பிவிடுங்கள். ஐப்பசியில் விழுந்தால், மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகைகூட இல்லாத தோப்பு வேண்டாம்.

இடத்தை ஒரு வாரம் முன்பே போய் அண்ணாந்து பாருங்கள். தென்னந்தோப்பென்றால் பந்தலுக்கு மேலே இருக்கிற காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். பக்கத்து மரத்தில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் வேறு இடம் பாருங்கள்; ஹோமப் புகை போய்க் கூடு கலைந்தால் ஓடி ஒளிய வழியில்லை. ஹோமகுண்டத்துக்கு மேலே கீற்றுப் பந்தல் கூடாது. தம்பதி கிழக்குப் பார்த்து உட்காருவார்கள், முகூர்த்தமோ காலையில். கிழக்கே ஒரு தட்டி வைக்காவிட்டால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எல்லாப் போட்டோவிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

பலரும் யோசிக்காமல் விடுவது கலசாபிஷேகத்தை. சல்லடையைத் தம்பதியின் தலைக்கு மேல் பிடித்து, உறவுக்காரர்கள் கலசத் தண்ணீரை ஆளுக்கொரு சொம்பாக ஊற்றுவார்கள். பத்தாவது ஆளுக்குள் கீழே மண் சேறாகிவிடும். முட்டி வலிக்கார அம்மா அதில் கால் ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும். கெட்டியான பலகையோ ரப்பர் மேட்டோ விரியுங்கள். எழும்போது இரண்டு பக்கமும் ஆள் நிற்கட்டும். அப்போது கட்டியிருப்பது பருத்திப் புடவையாகவே இருக்கட்டும், பட்டு பிறகு. ஈரம் மாற்றக் கதவு உள்ள ஓர் அறை பக்கத்தில் வேண்டும். தாலி கட்டிக்கொள்ளப் போகிறவளைக் காரின் பின்சீட்டில் புடவை மாற்ற வைப்பதா?

மணைப்பலகையில் இரண்டு மணி நேரம் சம்மணம் போட இப்போது யாரால் முடிகிறது? குட்டை ஸ்டூலில் மெத்தை போட்டுக் கொடுத்தால் சாஸ்திரிகள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சுகர், பிரஷர் மாத்திரை போடுகிறவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைக்காதீர்கள்.

தாலி விஷயம் வீட்டுக்கு வீடு மாறும். பெரும்பாலும் பழையதைக் கழற்றாமல் புதியதையும் சேர்த்துக் கட்டுவார்கள். அம்மாவைக் கேட்டுவிட்டு ஆசாரியிடம் சொல்லுங்கள்.

மைக்கை நீட்டி, "அம்மாவுக்கு ஐ லவ் யூ சொல்லுங்கப்பா" என்று எல்லோர் முன்னாலும் வற்புறுத்துகிற வேலை வேண்டாம். பேச ஆசையா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் மாலை மாற்றுவதே போதும்.

கடைசியில் ஆசீர்வாதம் வாங்க வரிசை கட்டி நிற்பார்கள். அது முடிந்து அவர்கள் இலைக்கு வருவதற்குள் மணி இரண்டாகிவிடும். முதல் பந்தியிலேயே இரண்டு பேரையும் உட்கார வைத்துவிடுங்கள். நமஸ்காரம் சாப்பிட்ட பிறகும் பண்ணலாம்.