கறுப்புப் பக்கம் திறந்தால் மங்கிய திரை

பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு விளம்பரம் வடிவமைத்துத் தருகிறேன். கறுப்புப் பின்னணி திறந்தால் என் லேப்டாப் திரை மெல்ல மங்கும். வெள்ளைப் பக்கம் வந்தால் மறுபடி பளிச்சென்று ஆகும். புடவையின் மெரூன் உண்மையில் எந்த மெரூன் என்று நம்பவே முடியவில்லை.

வெளிச்சத்தை அளக்கும் சென்சார்தான் காரணமென்று பலர் சொன்னார்கள். அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன், திரையின் ஒளி மாறவில்லை. ஆக, இது திரையில் இருப்பதைப் பார்த்து ஒளியை மாற்றும் வேறொரு வசதி. பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய், பிரைட்னஸ் பக்கத்து அம்புக்குறியை அழுத்தினால் அந்த வசதி இருக்கிறது. 'ஆஃப்' ஆக்கினேன். சார்ஜரில் இருந்தவரை சரி. கரண்ட் போனதும் மறுபடி மங்கல்!

அப்புறம்தான் கிராஃபிக்ஸ் பக்கம் தேடினேன். இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டர் என்ற ஆப்பில் சிஸ்டம், பவர், அதில் 'ஆன் பேட்டரி'. அங்கே டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தியதும் திரை நிலையாக நின்றது. ஏஎம்டி சிப் உள்ள லேப்டாப்களில் இதற்கு வேரி-பிரைட் என்று பெயர். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்தான். நிறம் பார்த்துப் பிழைப்பவர்கள் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.