ஜிஎம் தேடுற சீசன்ல ஃபேன்ஸ் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி வந்தாலே என்எஃப்எல்ல சில டீமாவது பழைய ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு புது ஜெனரல் மேனேஜரைத் தேட ஆரம்பிச்சிடும். அமெரிக்கன் ஃபுட்பால்ல ஜிஎம்னா டீமைக் கட்டுறவரு, ட்ராஃப்ட்ல (காலேஜ் பிளேயருங்களை டீமுங்க வரிசையா எடுக்குறது) யாரை எடுக்கணும், யாருக்கு எவ்ளோ சம்பளம், யாரை ட்ரேட் பண்ணணும்னு எல்லாம் அவரு தலையிலதான். தப்பான ஆளு வந்து உக்காந்துட்டா நாலு வருஷம் போச்சுன்னு அர்த்தம்.

நான் ஜெர்சில இருக்கேன், ஈலை மேனிங் காலத்துலேர்ந்து நியூயார்க் ஜயண்ட்ஸ் ஃபேன், ஸ்டேடியம் ஒண்ணேங்கிறதால அதே ஊரு ஜெட்ஸ் டீம்காரங்க புலம்பலும் சேர்த்துக் கேக்குற பாக்கியம் உண்டு. இப்ப புதுசா மேட்ச் பாக்க ஆரம்பிச்ச பசங்க ஜிஎம் பேச்சு எடுத்தாங்கன்னா, நாங்க அப்ப உளறின அதையே வார்த்தை மாறாம உளறுறாங்க, கேக்க முடியல, அதான் எழுதுறேன். வதந்தியை நம்பாதீங்க, இண்டர்வியூக்கு கூப்பிட்டதை வேலை கிடைச்சதா நினைக்காதீங்க, இதெல்லாம் ஒரு சீசன் பாத்தா தானா புரிஞ்சிடும், அதனால விட்டுடறேன்.

பிரஸ் மீட்டை வெச்சு மார்க் போடறது

போடாதீங்க. அன்னிக்கு எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க.

ஸ்டார் பிளேயரை கண்டிடேட் கணக்குல எழுதுறது

எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வர்ற தப்பு இதுதான், கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

2022 ஜனவரில ஜயண்ட்ஸ் 4-13ன்னு (நாலு வெற்றி, பதிமூணு தோல்வி) சீசனை முடிச்சாங்க, ஜிஎம் டேவ் கெட்டில்மேன் ரிட்டயர் ஆனாரு, அடுத்த நாளே கோச் ஜோ ஜட்ஜையும் தூக்கிட்டாங்க. ஜிஎம் வேலைக்கு ஒன்பது பேரைப் பாத்து கடைசில மூணு பேரை நிறுத்தினாங்க: பஃபலோ பில்ஸ்ல அசிஸ்டண்ட் ஜிஎம்மா இருந்த ஜோ ஷேன், சான் ஃபிரான்சிஸ்கோ 49ers ஆளு ஆடம் பீட்டர்ஸ், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் ஆளு ரையன் போல்ஸ். எங்க ஆளுங்க உடனே கணக்கை முடிச்சிட்டாங்க. ஷேன்னா ஜாஷ் ஆலனை எடுத்தவரு, போல்ஸ்னா பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தவரு, பீட்டர்ஸ்னா அஞ்சாவது ரவுண்டுல ஜார்ஜ் கிட்டிலைக் கண்டுபிடிச்சவரு. மூணு பேரோட இத்தனை வருஷ வேலையும் இந்த மூணு பிளேயருக்குள்ள அடங்கிப்போச்சு.

மஹோம்ஸ் கதையையே எடுத்துக்குவோம். 2017 ஏப்ரல்ல சீஃப்ஸ் 27வது இடத்துலேர்ந்து 10வது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தாங்க. (அந்த 10வது இடத்தை வித்தது யாருன்னா பஃபலோ, அதை அவங்ககிட்ட ஞாபகப்படுத்தாதீங்க.) அப்ப ஜிஎம் ஜான் டோர்ஸி. ட்ராஃப்ட் முடிஞ்சு ரெண்டே மாசத்துல டோர்ஸியை அனுப்பிட்டு பிரெட் வீச்சை அந்த சீட்ல உக்கார வெச்சாங்க. மஹோம்ஸ்தான் வேணும்னு உள்ள ஒத்தக்கால்ல நின்னவரு வீச்சுன்னு சொல்வாங்க, ஹெட் கோச் ஆண்டி ரீட் சம்மதிக்காம அந்த டீம்ல எந்த குவார்ட்டர்பேக்கும் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவரு) உள்ள வர முடியாது, காலேஜ் மேட்ச் பாத்து ஆளு தேடுற ஸ்கவுட்டுங்க ரிப்போர்ட் எழுதினாங்க. அந்த ஆபீஸ்லேர்ந்து போல்ஸ் 2022ல சிகாகோ பேர்ஸுக்கு ஜிஎம்மா போனாரு, மைக் போர்கோன்ஸி 2025ல டென்னசி டைட்டன்ஸுக்குப் போனாரு, ரெண்டு தடவையும் அந்தந்த ஊர் ஃபேன்ஸ் "மஹோம்ஸை எடுத்தவரு வர்றாரு"ன்னு குதிச்சாங்க. ஒரு பையனை எத்தனை பேருய்யா எடுப்பாங்க? கல்யாண வீட்ல பிரியாணி பிரமாதம்னு, அங்க வெங்காயம் உரிச்சவரைக் கூட்டிட்டு வந்து நம்ம வீட்டு விசேஷத்துக்கு மாஸ்டர் ஆக்குற மாதிரி இருக்கு. அவருக்கும் சமைக்கத் தெரிஞ்சிருக்கலாம், ஆனா அந்த பிரியாணி அதுக்கு சாட்சி இல்லையே.

சரி, உண்மையிலேயே கையெழுத்து போட்ட டோர்ஸி கதை என்னாச்சு தெரியுமா? அதே வருஷ டிசம்பர்ல கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அவரை ஜிஎம் ஆக்கினாங்க. 2018 ட்ராஃப்ட்ல முதல் பிக், அதாவது முதல்ல ஆளு எடுக்குற சான்ஸ், அவரு கையில. ஜாஷ் ஆலன் இருந்தாரு, ஏழாவதா போனாரு. லமார் ஜாக்சன் இருந்தாரு, 32வதா போனாரு. டோர்ஸி எடுத்தது பேக்கர் மேஃபீல்டை. நிக் சப் மாதிரி நல்ல ஆளுங்களையும் எடுத்தாருதான், இல்லேன்னு சொல்லல, ஆனா 2019 கடைசி நாள்ல வேலை போச்சு. மஹோம்ஸை எடுத்த அதே ஆளாலயே அடுத்த வருஷம் அப்படி ஒருத்தரை எடுக்க முடியலேன்னா, பக்கத்து சீட்ல இருந்தவரு எடுத்துடுவாருன்னு நாம எந்த தைரியத்துல பேசுறோம்?

நம்ம ஷேனுக்கு வருவோம். 2022 செப்டம்பர்னு நினைக்கிறேன், மெட்லைஃப் ஸ்டேடியம் பார்க்கிங் லாட்ல மேட்சுக்கு முன்னாடி கிரில் போட்டு நின்னுட்டிருந்தோம். எங்க கூட வந்த தம்பி ஒருத்தன், அப்பதான் புதுசா பாக்க ஆரம்பிச்சவன், ஷேனும் புது கோச் பிரையன் டேபாலும் பஃபலோல ஆலனை உருவாக்கினாங்க, இங்க நம்ம குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸை அப்படியே மாத்திடுவாங்க பாருங்கண்ணான்னு சத்தமா சொல்லிட்டிருந்தான். பக்கத்து கார்காரர், வெளுத்துப்போன நீல ஜாக்கெட், சீசன் டிக்கெட் ஆசாமி, பன்னுக்கு கடுகு சாஸ் தடவிக்கிட்டே தலையைக்கூட தூக்காம ஒரே கேள்வி கேட்டாரு: "மியாமில என்ன பண்ணாரு?" தம்பி முழிச்சான். சுத்தி நின்னவங்க யாருக்கும் பதில் தெரியல, பேச்சை மாத்திட்டோம்.

விஷயம் என்னன்னா ஷேன் பஃபலோ போனது 2017ல. அதுக்கு முன்னாடி 2008லேர்ந்து மியாமி டால்ஃபின்ஸ்ல இருந்தவரு, நேஷனல் ஸ்கவுட்ல ஆரம்பிச்சு பிளேயர் பர்சனெல் டைரக்டர் வரைக்கும் போனவரு. அந்த ஒன்பது சீசன்ல மியாமி பிளேஆஃப் போனது ரெண்டே தடவை, 2008லயும் 2016லயும். அதுக்கு அவரைக் குத்தம் சொல்றதும் தப்பு, கடைசி வார்த்தை அவரோடது இல்ல. ஆனா மியாமிக்கு அவரு பொறுப்பு இல்லேன்னா பஃபலோவுக்கு மட்டும் எப்படி பொறுப்பாவாரு? அப்ப அங்க ஜிஎம் பிராண்டன் பீன், கூட ஹெட் கோச்சா இருந்தது ஷான் மெக்டெர்மட். லாபத்துல பங்கு, நஷ்டத்துல லீவு, இந்தக் கணக்குதான் எனக்குப் பிடிக்கல.

இதுல நமக்கென்ன நஷ்டம்னு கேப்பீங்க. அந்த முதல் வருஷம் 9-7-1 (கடைசி 1 டிரா), மின்னசோட்டால போய் ஒரு பிளேஆஃப் மேட்ச் ஜெயிச்சோம், அவ்ளோதான், ஆலன் கதை இங்கயும் ஆரம்பிச்சிடுச்சுன்னு எல்லாரும் நம்பிட்டோம். 2023 மார்ச்ல ஜோன்ஸுக்கு நாலு வருஷத்துக்கு 160 மில்லியன் டாலர். அவரோட கையெழுத்து டெட்லைனை ஒட்டி வர, பந்தைத் தூக்கிட்டு ஓடுற எங்க ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லிக்கு, ஒரு வருஷத்துக்கு மட்டும் பிடிச்சு வெக்கிற ஃபிரான்சைஸ் டேக். அடுத்த மார்ச்ல பார்க்லி கிளம்பி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் போயி, அந்த சீசன்ல 2,005 யார்டு ஓடி, சூப்பர் பவுலும் ஜெயிச்சிட்டாரு. ஜோன்ஸை 2024 நவம்பர்ல ரிலீஸ் பண்ணோம், சீசன் 3-14. எல்லாத்துக்கும் ஃபேன்ஸ்தான் காரணம்னு சொல்ல வரல, ஆனா அந்த 160 மில்லியனுக்கு கைதட்டின கூட்டத்துல பாதி பேரு தட்டினது ஜாஷ் ஆலனுக்குத்தான்.

பீட்டர்ஸ் விஷயமும் அப்படியே. 2024ல வாஷிங்டன் கமாண்டர்ஸ் அவரை எடுத்தப்போ எங்க பாத்தாலும் "பிராக் பர்டியைக் கண்டுபிடிச்சவரு", ட்ராஃப்டோட கடைசி பிக், 262வது ஆளு. அதே 49ers 2021ல, பர்டி வர்றதுக்கு முந்தின வருஷம்தான், மூணு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கும் ஒரு மூணாவது ரவுண்ட் பிக்கும் குடுத்து ட்ரே லான்ஸை எடுக்கப் போனாங்க. அவரு அங்க ஸ்டார்ட் பண்ணது நாலே மேட்ச், கடைசில ஒரு நாலாவது ரவுண்ட் பிக்குக்கு டாலஸுக்குத் தள்ளிவிட்டாங்க. லான்ஸ் பேரை யாரும் எடுக்கவே இல்ல. வாஷிங்டன் முதல் வருஷமே 12-5 போனதும் "நாம பீட்டர்ஸை எடுத்திருக்கணும்"னு எங்க ஆளுங்க ஒப்பாரி, அங்கயும் ரெண்டாவது பிக்ல ஜேடன் டேனியல்ஸ் கிடைச்சதை மறந்துட்டு.

அப்ப என்னதான் பாக்கணும்? முதல்ல, அந்த பிளேயரை எடுத்த நாள்ல இவரு என்ன வேலைல இருந்தாருன்னு பாருங்க. காலேஜ் ஸ்கவுட்டிங் வேற, புரோ ஸ்கவுட்டிங் வேற, ரெண்டாவதுல இருக்குறவரு மத்த டீம் பிளேயருங்களைப் பாக்குறவரு, ட்ராஃப்ட்ல அவரு பங்கு கம்மி. காலேஜ் பக்கம்னா ஏரியா ஸ்கவுட் ஆகஸ்ட்லேர்ந்து ஊர் ஊரா கார் ஓட்டிட்டுப் போயி பிராக்டீஸ் பாத்து, பையனோட கோச்சு, ட்ரெய்னர், சிலசமயம் ஹாஸ்டல் ஆளு வரைக்கும் பேசி ரிப்போர்ட் எழுதுவாரு, அதை மேல இருக்குறவரு சரிபாப்பாரு, பிப்ரவரில மீட்டிங், இண்டியானாபொலிஸ்ல கம்பைன்ங்கிற உடல் திறன் டெஸ்ட், டாக்டர் ரிப்போர்ட், ஏப்ரல்ல மறுபடி மீட்டிங், அதுக்கப்புறம்தான் போர்டுல பேரு ஒரு இடத்துல நிக்கும். இதுல நம்ம ஆளு எந்தப் படியில நின்னாரு? அடுத்து, ஸ்டாரை விட்டுட்டு டீமோட நாப்பதாவது அம்பதாவது ஆளுங்க எங்கேர்ந்து வந்தாங்கன்னு பாருங்க. சொதப்பின பிக்குங்களையும் பாருங்க. குவார்ட்டர்பேக் அடிபட்டு உக்காந்த வருஷம் அந்த டீம் எப்படி இருந்துச்சுன்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

ஓனரைப் பத்தி பேசாம ஜிஎம்மைப் பத்தி பேசுறது

டாலஸ் கவ்பாய்ஸ்ல 1989லேர்ந்து ஓனர் ஜெர்ரி ஜோன்ஸ்தான் ஜிஎம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச காமெடி. சின்சினாட்டில ஜிஎம்ங்கிற பேர்ல ஆளே கிடையாது. மத்த டீம்ல பேரு இருக்கும், பவர் இருக்கா தெரியாது. 2022ல கிளீவ்லேண்ட் மூணு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கைக் குடுத்து டிஷான் வாட்சனைக் கொண்டுவந்து, 230 மில்லியன் டாலரை முழுசா கேரண்டி பண்ணாங்க, ஜிஎம் ஆண்ட்ரூ பெரி. அவ்ளோ பெரிய கேரண்டிக்கு ஓனர் தலையாட்டாம செக் போகுமா? 2025ல ஓனர் ஜிம்மி ஹாஸ்லமே அது நாங்க பண்ண தப்புன்னு வெளில ஒத்துக்கிட்டாரு. ஆனா திட்டு பூரா பெரிக்கு. ரெய்டர்ஸ் 2024ல டாம் டெலஸ்கோவைக் கொண்டுவந்து ஒரே சீசன்ல அனுப்பிட்டாங்க, அந்த மாதிரி வீட்டுக்கு யாரை அனுப்பினாலும் என்ன பண்ணுவாரு? புது ஆளு பேரைக் கேட்டதும் அவரு யாருக்கு ரிப்போர்ட் பண்றாரு, கோச்சை நீக்குற அதிகாரம் அவருக்கு உண்டா, இது ரெண்டையும் முதல்ல கேளுங்க.

"முன்னாள் பிளேயர்தான் வேணும்"

ஆஸி நியூசமும் முன்னாள் பிளேயர்தான், மேட் மில்லனும் முன்னாள் பிளேயர்தான். நியூசம் ஆடி முடிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆபீஸ்ல ஊறிட்டு 2002ல பால்டிமோர் ஜிஎம் ஆனாரு. மில்லன் டிவி கமெண்ட்ரிலேர்ந்து நேரா டெட்ராய்ட் வந்தாரு, அவரு கட்டின டீம் 2008ல 0-16.

"இவரு ஃபுட்பால் ஆளே இல்ல"

ஹௌவி ரோஸ்மேன். லா படிச்சவரு, 2000ல ஈகிள்ஸ்ல இன்டர்னா சேந்து சம்பள கேப் (டீமோட மொத்த சம்பள உச்சவரம்பு) கணக்கு பாத்து மேல வந்தவரு. 2015ல கோச் சிப் கெல்லிகிட்ட பவரைப் பறிகுடுத்து ஓரமா உக்காந்தாரு, கெல்லி போனதும் திரும்பி வந்து ரெண்டு சூப்பர் பவுல். ஜயண்ட்ஸ் ஃபேனா இதை டைப் பண்ணவே கை கூசுது.

"கோச்சுக்கு முன்னாடி ஜிஎம் வந்தாகணும்"

இதை சட்டம் மாதிரி பேசுவாங்க. நாம ஆள் திருடுற மூணு டீமையும் பாருங்க. கேன்சஸ் சிட்டில 2013ல ரீட் வந்து சில நாள் கழிச்சுதான் டோர்ஸி வந்தாரு. பஃபலோல மெக்டெர்மட் 2017 ஜனவரி, பீன் மே மாசம். சான் ஃபிரான்சிஸ்கோல கைல் ஷானஹான்தான் கோச்னு முடிவான பிறகு ஜிஎம்மா ஜான் லிஞ்ச் வந்தாரு. ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்களாங்கிறதுதான் கேள்வி, யாரு முதல்ல கையெழுத்து போட்டாங்கங்கிறது இல்ல.

"ரூனி ரூலுக்காகக் கூப்பிட்டிருப்பாங்க"

இந்தப் பேச்சு வேண்டாம். சிறுபான்மை கண்டிடேட்டுங்களை வெளிலேர்ந்து கூப்பிட்டே ஆகணும்னு ரூல் இருக்கு, வாஸ்தவம்தான், ஆனா அவரு ஃபைலைப் படிக்காமலே நீங்க சொல்றீங்க பாருங்க, அதனாலதான் ரூலே வந்துச்சு.

முதல் ட்ராஃப்டை வெச்சு தீர்ப்பு சொல்றது

ஜனவரில வந்தவரு ஏப்ரல் ட்ராஃப்டை பழைய ஜிஎம்மோட ஸ்கவுட்டுங்க எழுதின ரிப்போர்ட்டை வெச்சுத்தான் நடத்துவாரு. 2022ல ஷேன் அஞ்சாவதா கேவான் திபடோவையும் ஏழாவதா ஈவன் நீலையும் எடுத்தப்போ எல்லாரும் ஏ பிளஸ் போட்டாங்க, நீல் டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்குற ஓரத்து ஆளு) இடத்துல நிலைச்சு நிக்கவே இல்ல. ஸ்கவுட்டிங் டிபார்ட்மென்ட்டை மாத்துறது பொதுவா ட்ராஃப்ட் முடிஞ்ச பிறகுதான். மே மாசம் யாரை அனுப்பினாங்க, யாரு வந்தாங்கன்னு ஒரு குட்டி நியூஸ் வரும், யாரும் ஷேர்கூட பண்ண மாட்டாங்க, அதைத் தேடிப் படிங்க.