நேராகப் பறக்கும் மாடல் ராக்கெட்: கட்டுவதும் மாற்றி அமைப்பதும்

ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்பதைப் பெரும்பாலும் மோட்டார் (மருந்து எரிந்து ராக்கெட்டை உந்தும் குழல்) முடிவு செய்துவிடும். நேராகப் போகுமா என்பது கட்டுபவர் கையில். அதற்கு இரண்டு புள்ளிகளைக் கவனிக்க வேண்டும்: ராக்கெட்டின் எடை சமநிலையில் நிற்கும் ஈர்ப்பு மையம், காற்றின் பக்கவாட்டு விசை மொத்தமும் செயல்படும் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் மூக்குப் பக்கமாக, அழுத்த மையத்தைவிடக் குறைந்தது ஒரு குழாய் விட்டம் முன்னால் இருந்தாக வேண்டும். ஒட்டும் ஒவ்வொரு துண்டும், அடிக்கும் ஒவ்வொரு கோட் பெயின்டும் இந்த இடைவெளியைக் கொஞ்சம் மாற்றும்.

முதல் ராக்கெட்டுக்குத் தோதான அளவு இது: 24.8 மி.மீ. வெளிவிட்டமுள்ள அட்டைக் குழாய் (பிடி-50 என்பார்கள்) 30 செ.மீ., பொருத்தமான மூக்குக் கூம்பு, 18 மி.மீ. மோட்டார் நுழையும் உள்குழாய் 7 செ.மீ., இரண்டு சென்டரிங் ரிங் (உள்குழாயை நடுவில் நிறுத்தும் வளையம்), ஒரு த்ரஸ்ட் ரிங் (மோட்டார் முன்னே நழுவாமல் தடுக்கும் வளையம்), மோட்டார் ஹூக் (மோட்டார் பின்னே கழன்று விழாமல் பிடிக்கும் கொக்கி), துடுப்புக்கு 2.4 மி.மீ. பால்சா (லேசான மரம்) பலகை, 30 செ.மீ. பாராசூட், ஷாக் கார்டு (மூக்குக் கூம்பைக் குழாயோடு இணைக்கும் கயிறு), லாஞ்ச் லக் (ஏவுகம்பியில் கோக்கும் சிறு குழல்).

மோட்டாரைச் சான்று பெற்றதாகக் கடையில்தான் வாங்க வேண்டும். வீட்டில் வெடிமருந்து இடிப்பதற்கு இந்தப் பொழுதுபோக்கில் இடமே இல்லை. மோட்டார் மேல் ‘சி6-5’ என்று இருந்தால், ‘சி’ மொத்தக் கணத்தாக்கை (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது) சொல்கிறது: 5 முதல் 10 நியூட்டன்-விநாடி. ‘பி’ அதில் பாதி, ‘டி’ இரு மடங்கு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்க ஆகும் விநாடிகள். உந்துவிசை எடையைப்போல் 5 மடங்காவது இருக்க வேண்டும். மோட்டாரோடு 60 கிராம் வரும் ராக்கெட்டின் எடை சுமார் 0.6 நியூட்டன் என்பதால், பி6 தாராளமாகப் போதும்.

மோட்டார் மவுண்ட்டை, அதாவது ரிங்குகள் ஒட்டிய உள்குழாயை, உள்ளே ஏற்றும்போதுதான் பலருக்குக் காரியம் கெடுகிறது. மரப்பசையைச் சென்டரிங் ரிங்கின் மேல் தடவிவிட்டு மெதுவாகத் தள்ளினால், பாதி வழியில் பிடித்துக்கொண்டு முன்னும் போகாது, பின்னும் வராது. அட்டை ஈரத்தை உறிஞ்சிச் சட்டென்று இறுகிவிடுவதுதான் காரணம். எனவே பசையை ரிங்கில் தடவாமல், ரிங் போய் உட்கார வேண்டிய இடத்தில் குழாயின் உள்சுவரில் குச்சியால் வளையமாகத் தடவுங்கள். முதலில் பசையில்லாமல் ஒருமுறை நுழைத்துப் பார்த்துவிட்டு, பிறகு நிறுத்தாமல் ஒரே தள்ளில் ஏற்றிவிடுங்கள். கடைசியில் மோட்டாரின் வால் குழாய்க்கு வெளியே சுமார் 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வாலில் ஒட்டும் மூன்று துடுப்புகளை வெட்டும்போது பால்சாவின் நார் ஓட்டம் முன்விளிம்புக்கு இணையாக இருக்கட்டும். நார் குழாய்க்கு இணையாக ஓடினால், தரையில் இறங்கும்போது துடுப்பு அடியோடு ஒடியும். மூன்றையும் ஒன்றாக அடுக்கி உப்புத்தாளில் தேய்த்தால் ஒரே அளவுக்கு வரும். முன்விளிம்பை உருண்டையாகத் தேய்த்து, பின்விளிம்பை மெலிதாக்குங்கள். குழாயில் ஒட்டும் விளிம்பை மட்டும் தட்டையாக விடுங்கள்.

குழாயைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒன்றை ஓட்டி, அதன் சுற்றளவை மூன்றாகப் பிரித்துக் குறியிடுங்கள். நெடுக்குக் கோடு போடக் கதவு நிலையின் உள்மூலையில் குழாயைச் சாய்த்து, நிலையின் விளிம்பையே அடிக்கோலாக்கலாம். ஒட்டுமிடத்தில் குழாயின் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். துடுப்பின் விளிம்பில் பசை தடவி, குழாயில் ஒற்றியெடுத்து, சில நிமிடம் உலரவிட்டு, மறுபடி தடவி ஒட்டினால் கையிலேயே பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் இரு பக்க மூலையிலும் பசையை விரலால் வழித்துவிடுங்கள். இந்தப் பூச்சுதான் துடுப்புக்கு வலு. ஒரே தடவையில் தடியாகப் போட்டால் குமிழ் விடும்.

ஷாக் கார்டு ராக்கெட்டின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். குட்டையாக இருந்தால் மூக்குக் கூம்பு திரும்பி வந்து துடுப்பில் மோதும், அல்லது கார்டு குழாயின் வாயை நெடுக்காகக் கிழிக்கும். மூக்குக் கூம்பு தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக்கூடாது, லேசாக உலுக்கினால் விழ வேண்டும். இறுக்கமென்றால் தேயுங்கள், தளர்வென்றால் ஒரு சுற்று மாஸ்கிங் டேப். பாராசூட்டை டால்கம் பவுடர் தூவி மடித்து, அதற்குக் கீழே, மருந்து வெடிக்கும் சூடு படாமல் காக்க, தீப்பிடிக்காத வாடிங் தாளை வையுங்கள். சாதாரண டிஷ்யூ பேப்பர் வேண்டாம். அது கனன்றபடியே காய்ந்த புல்லில் விழும்.

இப்போது மோட்டார், வாடிங், பாராசூட் எல்லாம் ஏற்றி, விரல்மேல் நிறுத்தி ஈர்ப்பு மையத்தைக் குறியுங்கள். அழுத்த மையத்துக்கு ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினி இல்லையென்றால் ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டை சமநிலையில் நிற்கும் புள்ளியைப் பாருங்கள். உண்மையான அழுத்த மையம் பொதுவாக இதற்கும் பின்னால்தான் இருக்கும் என்பதால் இந்த முறையில் பிசகு வந்தாலும் அது பாதுகாப்பான பக்கமாகவே இருக்கும். சந்தேகம் தீர, ஈர்ப்பு மையத்தில் கயிறு கட்டித் தலைக்குமேல் சுற்றுங்கள். மூக்கு முன்னோக்கியே போனால் பறக்கவிடலாம்.

மாற்றங்கள் செய்யும்போது இந்தக் கணக்கு மறந்துபோகும். துடுப்பைச் சின்னதாக்கினாலோ, அழகுக்கு மூக்கருகே சிறகு வைத்தாலோ அழுத்த மையம் முன்னே வரும். 18-க்குப் பதில் 24 மி.மீ. ‘டி’ மோட்டார் போட்டால் வாலில் சுமார் 20 கிராம் கூடி, ஈர்ப்பு மையம் பின்னே போகும். இவற்றை மூக்குக்குள் களிமண் அடைத்தோ, குழாயை நீட்டியோ சரிக்கட்டலாம். குழாயை நீட்டுவதுதான் நல்ல வழி. களிமண் வெறும் சுமை. அதற்காக இடைவெளியை மூன்று நான்கு விட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். காற்றடிக்கிற பக்கமே திரும்பி ஓடும். பெயின்ட் மெலிதாக இரண்டு கோட் போதும்.

ஏவ 3 மி.மீ. தடிப்பும் 90 செ.மீ. நீளமும் உள்ள கம்பி வேண்டும். ‘டி’ வரையான மோட்டாருக்கு 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். காற்று மணிக்கு 32 கி.மீ. தாண்டினால் அன்றைக்கு வேண்டாம். கம்பியைச் செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குமேல் சாய்க்கக்கூடாது. ஏவும் மின்கருவியின் பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையென்றால் அதன் சாவியைக் கழற்றிவிட்டு 60 விநாடி காத்திருந்து அருகில் போங்கள். பெரும்பாலும் இக்னைட்டரின் (மோட்டாரை மின்சாரத்தால் பற்றவைக்கும் துண்டு) நுனி மருந்தைத் தொடாமல் இருக்கும், அல்லது அதன் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

மிச்ச மோட்டார்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். சூடேறி ஆறும்போது மருந்துக்கட்டி விரிசல் விடும். அடுத்த முறை அது ஏவுகம்பியிலேயே வெடிக்கலாம்.