மூடிலில் பாடம் அமைப்பது எப்படி: இரவு 12 மணி எந்த நாளில் சேரும்?

வேலூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கல்லூரி திறந்ததும் பேராசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கோர்ஸ் போட்டுக் கொடும்மா" என்பார்கள். பாடக் குறிப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாவற்றையும் இணையத்தில் வைத்து நடத்த உதவும் மூடில் என்ற மென்பொருளில் அவரவர் பாடத்துக்கு ஒரு பக்கம் அமைப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். தமிழ்த்துறை ஐயா ஒருவர் பெயரைக் கேட்டதுமே, "மூடில்லாதவனுக்கு எதுக்கும்மா மூடில்?" என்று எழுந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். இன்றைக்கு எங்கள் கல்லூரியில் நன்றாக நடக்கும் பாடப் பக்கங்களில் ஒன்று அவருடையது.

மூடில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் தொடங்கியது. முதல் பதிப்பு 2002இல் வந்தது. மென்பொருளுக்குக் காசு கிடையாது, சொந்த சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம். எங்களுக்குக் கட்டுப்படியாவது அதனால்தான்.

உட்காரும் முன் பாடத்திட்டத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் செட்டிங்ஸில் 'ஷார்ட் நேம்' என்று ஒன்று கேட்கும். தளம் முழுவதிலும் ஒரே குறுபெயர் இரண்டு முறை வரக்கூடாது. வெறும் 'தமிழ்1' என்று போட்டால் அடுத்த வருடம் முட்டும். ஆண்டையும் பிரிவையும் சேர்த்தே போடுங்கள். வேலை முடியும்வரை 'விசிபிலிட்டி'யை 'ஹைட்' என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரைகுறைப் பக்கத்தைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள்.

அடுத்தது வடிவம். வாரக் கணக்கில் பிரிக்கும் 'வீக்லி' வடிவம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் பாடத்திட்டம் ஐந்து அலகு. நடுவில் பொங்கல், விளையாட்டு விழா, மழை விடுமுறை என்று வந்தால் வாரக் கணக்கு தள்ளிப்போய்விடும். அலகுக்கு ஒரு பகுதி என்று ஐந்து பகுதி போதும். அதற்கான வடிவத்துக்குப் பழைய பதிப்புகளில் 'டாபிக்ஸ்' என்றும் புதியவற்றில் 'கஸ்டம் செக்‌ஷன்ஸ்' என்றும் பெயர்.

பிள்ளைகளைச் சேர்ப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிள்ளைகள் தாங்களே சேர்ந்துகொள்ளும் 'செல்ஃப் என்ரோல்மென்ட்' போட்டு ஒரு சாவிச்சொல்லை வாட்ஸாப் குழுவில் அனுப்பினால், சாயங்காலத்துக்குள் கீழ்மாடி பி.காம். பிள்ளைகளும் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு என்று இரண்டு வகுப்பு எடுக்கிறீர்களா? முதலில் இரண்டு குழுக்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி கொடுங்கள். அப்புறம் 'யூஸ் க்ரூப் என்ரோல்மென்ட் கீஸ்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். எந்தச் சாவியில் வந்தார்களோ அந்தக் குழுவில் தானாகவே போய்ச் சேருவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கோர்ஸுக்கென்று பொதுச் சாவி ஒன்றையும் போட்டாக வேண்டும். அதைக் காலியாக விட்டால் எந்தச் சாவியும் இல்லாமலே உள்ளே வரலாம். பொதுச் சாவியை யாருக்கும் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். இது என் சொந்தத் தவறு. ஒரு மேடம் அசைன்மென்ட்டை 10ஆம் தேதிக்குள் வாங்க வேண்டும் என்றார். நான் 10ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தேன், நேரம் 00:00 என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். 10ஆம் தேதி 00:00 என்றால் அந்த நாள் பிறக்கும் நொடி, அதாவது 9ஆம் தேதி ராத்திரி 12 மணி. பிள்ளைகள் 10ஆம் தேதி சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஏற்ற நினைத்தால், பக்கம் ஏற்கெனவே மூடியிருக்கிறது. மறுநாள் லேப் வாசலில் பாதி வகுப்பு நின்றது. நேரத்தை எப்போதும் 23:59 என்று கையால் மாற்றுங்கள்.

அந்தக் கூத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 'டியூ டேட்' தாண்டினாலும் மூடில் வாங்கிக்கொள்ளும், தாமதம் என்று மட்டும் குறித்து வைக்கும். கதவைச் சாத்துவது 'கட் ஆஃப் டேட்'. நான் இரண்டையும் ஒரே நேரமாகப் போட்டிருந்தேன். இப்போது இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் இடைவெளி விடச் சொல்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு நாள் சிக்னல் இல்லாமல் போவது சாதாரணம்.

தமிழ் ஐயாவுக்கு நேர்ந்தது வேறு. பல வருடங்களாகச் சேர்த்த ஒரு மதிப்பெண் கேள்விகளைப் பென்டிரைவில் கொண்டு வந்தார். ஏற்றினால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "என்னம்மா, என் தமிழை இப்படிக் கொன்னுட்டீங்க?" என்றார். எல்லாமே பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. தமிழைத் தமிழாகவே கணினிக்குத் தெரியவைக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும். மாற்றியபின் கொம்பும் புள்ளியும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிப்பார்கள், அங்கேதான் சிக்கல் வரும்.

கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஐக்கன் என்று ஓர் எளிய முறை இருக்கிறது. நோட்பேடில் கேள்வி ஒரே வரியில்: 'வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு எது?' அடுத்த நான்கு வரிகளில் 1799, 1801, 1806, 1857. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ, பி, சி, டி என்று ஆங்கிலப் பெரிய எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி. கடைசி வரியில் 'ஆன்சர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, சரியான எழுத்து, இங்கே சி. சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். 'கொஸ்டின் பேங்க்' போய் 'இம்போர்ட்' கொடுத்தால் நூறு கேள்வியும் ஒரு நிமிடத்தில் ஏறிவிடும். ஐயா அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஐக்கனில் ஒரு விடை கொண்ட தேர்வுக் கேள்விகள் மட்டுமே ஏறும், பொருத்துக வகையைத் தனியாகத்தான் போட வேண்டும்.

பாடக் குறிப்புகளைப் பொறுத்தவரை, நோட்டைப் போனில் படம் பிடித்து 60 எம்பி பிடிஎஃப் ஆக்குவதை விட்டுவிடுங்கள். 'பேஜ்' என்பதில் நேராகத் தட்டச்சு செய்தால் போனில் எழுத்து திரைக்கேற்ப மடங்கி நிற்கும். பிடிஎஃப்தான் என்றால் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, அலகு அலகாகப் பிரித்துப் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் பெயர் மெனுவில் 'ஸ்விட்ச் ரோல்' கொடுத்து 'ஸ்டூடண்ட்' ஆகிப் பாருங்கள். அதையும் உங்கள் போனிலேயே பாருங்கள். ஒரு சார் பக்கத்தின் உச்சியில் கல்லூரிச் சின்னம், நிறுவனர் படம், வரவேற்புரை என்று வைத்திருந்தார். குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டு வரும் பெண் விரலால் தள்ளித் தள்ளி, அசைன்மென்ட் கண்ணில் படுவதற்குள் காட்பாடி வந்துவிடும். அந்த வாரம் முடிக்க வேண்டியது எதுவோ அதுதான் உச்சியில் இருக்க வேண்டும். நிறுவனர் கீழே இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செமஸ்டர் முடிந்தபின் அதே கோர்ஸை 'ரீசெட்' செய்து, அதாவது பழைய பிள்ளைகளின் பதிவுகளை அழித்துவிட்டு, புது பேட்சுக்குப் பயன்படுத்தலாம். அதற்கு முன் மதிப்பெண்களை எக்செல்லில் இறக்கிக்கொள்ளுங்கள். பேக்கப்பும் எடுக்கலாம், ஆனால் பிள்ளைகள் ஏற்றியவற்றோடு சேர்த்து எடுக்கும் உரிமை வழக்கமாக ஆசிரியர் கணக்குக்கு இருக்காது, அட்மினுக்குத்தான் இருக்கும். அதற்கு லேப்புக்கு வாருங்கள். இரண்டு மணிக்கு மேல் வந்தால் நல்லது, காலையில் பிராக்டிகல் ஓடிக்கொண்டிருக்கும்.